டீயை மாற்றினால் டிரைவ் நீளுமா?

கோல்ஃப் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கொஞ்ச காலமாகவே பயிற்சி ரேஞ்சுக்கு வருகிறவர்கள் பையிலிருந்து ஏதாவது ஒரு புது டீயை, அதாவது பந்தை மேலே வைத்து அடிப்பதற்காகத் தரையில் குத்தும் சிறு குச்சியை, எடுத்து நீட்டுகிறார்கள். தலையில் மூன்று பல் மட்டும் இருப்பது, பிரஷ் நாரின் மேல் பந்தை உட்கார வைப்பது, முன்பக்கம் சாய்ந்து நிற்பது, கழுத்து வளைவது என்று பல ரகம். அட்டையில் மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: உராய்வு குறைவு, தூரம் அதிகம். "சார், இதுல நிஜமாவே பதினஞ்சு யார்டு கூடுமா?" என்று கேட்பார்கள். வடிவத்தால் கூடாது, உயரத்தால் கூடலாம் என்பதுதான் என் பதில்.

முதலில் இந்த உராய்வு. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அப்படியானால் பந்தின் பின்புறத்திலிருந்து அதன் நடுப்புள்ளிக்கு, அதாவது டீயின் தண்டு நிற்கும் இடத்துக்கு, சுமார் 21 மில்லிமீட்டர். கிளப், அதாவது பந்தை அடிக்கும் மட்டை, முதலில் தொடுவது பந்தின் முதுகைத்தான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் டிரைவர் (நெடுந்தூரம் அடிப்பதற்கான கிளப்) அந்த 21 மில்லிமீட்டரைக் கடக்க அரை மில்லிசெகண்டுக்குச் சற்று கூடுதலாக எடுக்கும். பந்து கிளப் முகத்தோடு ஒட்டியிருப்பதே அரை மில்லிசெகண்டுக்குள்தான். அதாவது கிளப் டீயின் தண்டை நெருங்கும்போது பந்து ஏறக்குறைய கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு டீ உடைந்தால் என்ன, பறந்தால் என்ன, பந்துக்கு அது தெரியவே போவதில்லை.

மிச்சம் இருப்பது, பந்து டீயின் தலையிலுள்ள கிண்ணத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போகும் அந்தச் சில மில்லிமீட்டர். 46 கிராம் பந்து தன் எடையால் மட்டும் அழுத்தும் இடத்தில் எவ்வளவு உராய்வு இருந்துவிடும்? கணக்குப் போட்டால் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் வருகிறது. நல்ல டிரைவில், அதாவது டிரைவரால் அடிக்கும் நீண்ட அடியில், பந்து சுமந்து போகும் ஆற்றலோ 100 ஜூலை ஒட்டியது. இதில் மூன்று பல் வைத்து எதை மிச்சம் பிடிக்கப் போகிறார்கள்?

"ஆனா எனக்கு நிஜமாவே தூரம் போச்சே சார்" என்பவர்களை நான் நம்புகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர், பந்து வானத்துக்கு ஏறிவிடுமோ என்ற பயத்தில் டீயைத் தரையோடு தரையாகக் குத்துகிறவர்கள். இன்றைய டிரைவர் தலையின் கன அளவு 460 சிசி வரை இருக்கும், முகமும் உயரம். பந்து தாழ்வாக இருந்தால் முகத்தின் கீழ்ப்பகுதியில் படும், பேக்ஸ்பின் (பந்தின் பின்னோக்கிய சுழற்சி) ஏறும், பந்து மேலே எழும்பிப் பாதியிலேயே விழும். புது டீ பெரும்பாலும் 83 மில்லிமீட்டர் நீளத்தில் வருகிறது. அதைக் குத்தியதும் பந்து தானாகவே உயர்ந்துவிடுகிறது. இப்போது அடி நடுவுக்குச் சற்று மேலே படுகிறது, ஸ்பின் குறைகிறது, கிளப்பும் ஏறுமுகமாக வந்து அடிக்கிறது. தூரம் அங்கிருந்துதான் வந்தது. நீளமான சாதாரண மர டீயிலும் இதே பலன் கிடைக்கும்.

டிரைவரைத் தரையில் வைத்துப் பார்த்தால் பந்தில் பாதி அதன் தலைக்கு மேலே தெரிய வேண்டும், அவ்வளவுதான். சரியான உயரம் கிடைத்ததும் டீயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே கோடு வரை குத்துங்கள். கோடைக்காலத்தில் நம் ஊர்த் தரை இறுகிப்போய் டீ இறங்கவே இறங்காது. ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வரும் கேடி அண்ணன்கள் உடைந்த டீ ஒன்றால் முதலில் ஓட்டை போட்டுத் தருவார்கள், அதையே செய்யுங்கள். தரை இடம் கொடுத்த உயரத்தில் ஆடினால் கோடு போட்டும் பயனில்லை. புது ரகங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: தண்டில் ஒரு தடுப்பு வைத்து, குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்காதபடி செய்தவை. அதில் மாயமில்லை, ஆனால் உயரம் மாறாது.

இதை நீங்களே சோதிக்கலாம். கால் பூஞ்சைக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகத்தில் லேசாக அடித்தால், பந்து பட்ட இடம் அச்சாகத் தெரியும். பழைய டீயில் ஒன்று, புது டீயில் ஒன்று என மாற்றி மாற்றி அடியுங்கள். பழையதைக் கையாண்டு முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால் அதற்குள் உடம்பு சூடாகியிருக்கும், அந்தப் பெருமையும் டீக்கே போகும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைக்க மறக்காதீர்கள். ஆட்டத்துக்குப் போகுமுன் ஸ்ப்ரேயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், அதோடு ஆடுவது விதிமீறல்.

புதுமை என்று சொல்வதிலும் பாதி பழசு. 1899-லேயே பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர், மரக் குச்சியின் மேல் வளையும் ரப்பர் தலை வைத்த டீக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் அதை விற்கவே முயலவில்லை. 1920-களில் மர டீயைக் கடைக்குக் கொண்டுவந்த வில்லியம் லோவலும் பல் மருத்துவர்தான். அதுவரை ஈர மணலைக் கையால் கூம்பாகப் பிடித்துப் பந்தை வைத்தார்கள்.

போட்டி ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டீயின் நீளம் 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஆடும் திசையைக் காட்டும்படியோ, பந்தின் போக்கை அளவுக்கு மீறிப் பாதிக்கும்படியோ வடிவமைத்திருக்கக் கூடாது. பந்தின் பின்னால் சுவர்போல ஒன்றை வைத்து "ஸ்லைஸ் வராது", அதாவது பந்து பக்கவாட்டில் வளைந்து போகாது, என்று விற்கிறார்களே, அது இந்த வகைதான். மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அப்புறமும் அதையே வைத்து ஆடினால் தகுதிநீக்கம். அட்டையில் "டூர் தரம்" என்று இருப்பதை நம்ப வேண்டாம், விதிக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைஸ் உள்ளவர்கள் டீக்குச் செலவழிப்பதை விட்டு முதலில் கிளப்பைப் பிடிக்கும் விதத்தைப் பயிற்சியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைவது, ஸ்விங் பாதைக்குக் கிளப் முகம் திறந்திருப்பதால்தான்.