பெருகிய காலம் எழுப்பும் மேடு

பழனி மலையில் உள்ள தாண்டிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மா வழி டிஎன்ஏவை வைத்து மனிதர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்வது புரிகிறது. எப்போது பெருகினார்கள் என்றும் சொல்கிறார்களே, செத்துப்போனவர்களை யார் எண்ணினார்கள்? எங்கள் ஊர்க் கல்திட்டைகளைக் கட்டியவர்களைப் பற்றியும் அது சொல்லுமா?"

கல்திட்டை (கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச்சின்னம்) விஷயத்தில் கையை விரிக்க வேண்டியதுதான். அம்மா வழி டிஎன்ஏ என்பது மைட்டோகாண்ட்ரியாவின், அதாவது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் குட்டி உறுப்பின், டிஎன்ஏ. 16,569 எழுத்துகள் மட்டுமே கொண்டது. தாயிடமிருந்து வருகிறது, மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். ஒரு தாய்வழியில் ஓர் எழுத்து மாறி நிலைக்கச் சராசரியாக 3,500 ஆண்டுகள் போல ஆகும். பழனி மலைக் கல்திட்டைகளுக்கு வயது இரண்டாயிரம், மூவாயிரம். அதற்குள் ஓர் எழுத்து மாறியிருந்தாலே பெரிது.

வந்த வழி தெரிந்த கதைதான். 1987இல் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு, எல்லோருக்கும் பொதுவான மூதாய் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தாள் என்றார்கள். அவள் வழியில் அங்கே முளைத்த ஒரு தாய்வழிக் கிளைக்கு எல்3 என்று பெயர்; அதன் மகள் கிளைகள் எம், என். இந்தியாவில் பாதிப்பேருக்கு மேல் எம் கிளைதான்.

சரி, பெருக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நூறு பேரை இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டால் 4,950 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணி வரைபடம் போடுங்கள். கூட்டம் சிறிதாகவே இருந்திருந்தால், தலைமுறைக்குத் தலைமுறை பல தாய்வழிகள் அறுந்திருக்கும். பிள்ளை இல்லாதவள் வழியும் போச்சு, மகன்களை மட்டும் பெற்றவள் வழியும் போச்சு. (ஆண் வாரிசுக்குக் கோயில் கோயிலாக நேர்ந்துகொள்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.) மிஞ்சிய ஜோடிகளில் சிலருக்குப் பொதுத்தாய் நேற்று முந்தாநாள்தான் இருந்தாள், சிலருக்கு வெகு காலத்துக்கு முன். வரைபடம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும்.

கூட்டம் திடீரெனப் பெருகினால் நிலைமை மாறுகிறது. மகள்கள் அதிகம், அதனால் வழிகள் அவ்வளவாக அறுவதில்லை. பின்னோக்கிப் போனால், பெருகிய காலம் நெடுக எந்த இரண்டு வழிகளும் ஒரு பொதுத்தாயிடம் அநேகமாகச் சேர்வதே இல்லை. பெருக்கம் தொடங்கிய அந்தச் சின்னக் கூட்டத்தை எட்டியதும் சடசடவென்று எல்லாம் ஒன்றுசேர்கின்றன. ஆகவே பெரும்பாலான ஜோடிகளுக்கு வேறுபாடு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. வரைபடத்தில் ஒரே மேடு! காலம் போகப்போக அது வலப்பக்கம் நகரும். மேடு 20இல் நின்றால் ஆளுக்குப் பத்து மாற்றம், அதாவது சுமார் 35,000 ஆண்டுகள். 1992இல் ஆலன் ராஜர்ஸும் ஹென்றி ஹார்ப்பெண்டிங்கும் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். செத்தவர்களை யாரும் எண்ண வேண்டியதில்லை, உயிரோடிருப்பவர்களின் உமிழ்நீர் போதும்.

பிறகு வந்த நுட்பமான கணக்கு முறைகளைக் கொண்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 45,000 முதல் 20,000 ஆண்டுகளுக்கு முன்புவரை மனித குலத்தில் பாதிக்கும் மேல் தெற்காசியாவில் வாழ்ந்ததாக மதிப்பிட்டது.

இதை வைத்து "உங்கள் வம்சம் இது" என்று சான்றிதழ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பத்துத் தலைமுறைக்கு முந்தைய 1,024 முன்னோர் இடங்களில் மைட்டோகாண்ட்ரியா ஒரே ஒருத்தியைத்தான் காட்டும். இன்னொன்று: பழனி மலைப் பழங்குடியினரான பளியர் குடியிருப்புகளுக்கு மாதிரி கேட்டுப் போகிற ஆய்வுகளின் நிதியில், முடிவை அதே குடியிருப்புக்குத் திரும்பி வந்து தமிழில் சொல்வதற்கும் ஒரு பங்கைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.