பப் குவிஸ்: பொதியிலும் அறிவினாவும்

இங்கிலாந்தைப் பற்றி எதைப் படித்தாலும் எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டிவிடும் சொற்றொடர் 'பப் குவிஸ்'. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் மாலை எட்டு மணியளவில், ஊர் பப்பில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பொது அறிவுக் கேள்விகளைப் படிப்பார். மேசைக்கு ஓர் அணியாக உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்து, விடையைத் தாளில் எழுதுவார்கள். நான்கு முதல் ஆறு பேர் ஓர் அணி. தலைக்கு ஒன்றிரண்டு பவுண்டு கட்டணம். வென்றவர்களுக்கு, கட்டணமாகச் சேர்ந்த காசோ, ஒரு புட்டி ஒயினோ, அங்கேயே குடித்துத் தீர்க்க ஒரு சீட்டோ பரிசு. இதைத் தமிழில் எழுத வருபவர்கள் 'மதுக்கடை வினாடி வினா' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதில் முன்பாதியும் சரியில்லை, பின்பாதியும் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் 'பப்'. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற தொடரை 19-ஆம் நூற்றாண்டின் பேச்சுவழக்கு நறுக்கியெடுத்த சொல் இது. நேர்ப்பொருள் 'பொது வீடு'. பழைய இங்கிலாந்தில் குடிக்கும் இடங்கள் மூன்று வகை. ஏல் என்ற பியரைக் காய்ச்சி விற்ற எளிய வீடு 'ஏல்ஹவுஸ்'. காசுள்ளவர்கள் ஒயின் குடிக்கப் போன இடம் 'டேவர்ன்'. வழிப்போக்கருக்குப் படுக்கையும் குதிரைக்குப் புல்லும் தந்த இடம் 'இன்'. ஏல் விற்க உள்ளூர் நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 1552-இல் சட்டம் வந்தது. பின்னர் இந்த மூன்றின் எல்லைகளும் மெல்ல அழிந்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் 'பப்ளிக் ஹவுஸ்' என்ற பெயர் நிலைத்தது. அது உண்மையிலேயே வீடுதான். உரிமையாளர் மாடியில் குடியிருப்பார், கீழ்க்கூடம் ஊருக்குத் திறந்திருக்கும். இன்றைக்கும் பல பப்களில் இதுதான் நிலை.

'பொது வீடு' என்று ஆங்கிலேயர் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதே இரண்டு துண்டுகளை ஒட்டித் தமிழில் ஒரு சொல் செய்துவிட்டார்கள். பொது, இல் என்ற இரண்டும் சேர்ந்தது பொதியில். மன்றம், அம்பலம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். பட்டினப்பாலையில் 'வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்' வருகிறது. வம்பலர் என்றால் ஊருக்குப் புதியவர்கள், சேக்கும் என்றால் தங்கும். ஆக, 'இன்' என்பதன் வேலையும் அதற்கு உண்டு. புறநானூற்றின் 52-ஆம் பாட்டு இன்னும் சுவையானது. நரைத்த முதியவர்கள் வல்லு என்ற ஆட்டத்தின் காய்களை உருட்டி உருட்டிப் பொதியிலின் தரை குழிந்து கிடக்கிறது. ஊர் பாழானபின் அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. பாட்டின் சோகத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், ஊரின் கிழவர்கள் கூடி உட்கார்ந்து பொழுதுபோக்காக ஆடும் பொதுக்கூடம் அது. பப்பில் டாமினோ ஆடும் ஆங்கிலக் கிழவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது. பொதியிலில் கள் விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் பொதுவான வீடு என்ற கருத்தைச் சொல்கிறேன்.

இன்றைய தமிழ்ச் சொற்களில் 'மதுக்கடை' பப்புக்குப் பொருந்தாது. கடை என்றால் வாங்கிக்கொண்டு நகரும் இடம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்தான் கண்முன் வருவார். பப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமே வந்து வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் உண்ணும், நாய் மேசைக்கடியில் படுத்திருக்கும், ஒரு மூலையில் யாராவது எலுமிச்சைப் பானத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். 'மதுவிடுதி' பரவாயில்லை. இலங்கைத் தமிழில் கள் விற்கும் இடத்துக்கு வழங்கும் 'தவறணை', டேவர்னுக்கும் அதன் மூலமான லத்தீன் 'தபெர்னா'வுக்கும் உறவுக்காரச் சொல். அழகான சொல்தான், ஆனால் பனங்கள்ளின் வாசம் அதைவிட்டுப் போகாது.

இனி 'குவிஸ்'. இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சுற்றிவருகிறது. டப்ளின் நகரில் நாடக அரங்கு நடத்திய ரிச்சர்ட் டேலி, பொருளே இல்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊரார் வாயில் புழங்க வைக்கிறேன் என்று பந்தயம் கட்டினாராம். இரவோடிரவாகச் சுவர்களில் எல்லாம் அந்தச் சொல்லை எழுத ஆள் வைத்தாராம். விடிந்ததும் ஊரே 'இதற்கு என்ன பொருள்?' என்று ஒருவரையொருவர் கேட்டதாம். கேள்வி கேட்கவைத்த சொல் என்பதால் கேள்விக்கே பெயராகிவிட்டது என்று முடிப்பார்கள். 1791-இல் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதை அச்சேறியது 1836-இல். ஆனால் ஃபேனி பர்னி என்ற எழுத்தாளரின் நாட்குறிப்பில் 1782-இலேயே அந்தச் சொல் இருக்கிறது. பந்தயத்துக்கு ஒன்பது ஆண்டு முன்பே புழங்கிய சொல்லைப் பந்தயத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே அதற்குக் கேள்வி என்ற பொருளே கிடையாது. விசித்திரமான ஆள், கோமாளித்தனமானவர் என்றுதான் பொருள். பிறகு அது வினைச்சொல்லாகிக் கேலி செய்வதையும், ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒருவரை ஏற இறங்கப் பார்ப்பதையும் குறித்தது. அந்தக் கண்ணாடிக்கே 'குவிஸ்ஸிங் கிளாஸ்' என்று பெயர். துருவிப் பார்த்தவர்கள் பின்னர் துருவிக் கேட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில், மாணவர்களைக் கேள்வி கேட்டுச் சோதிப்பதற்கு அந்தச் சொல் பயன்பட்டது. இதில், துருவியறியும் ஆர்வத்தைக் குறிக்கும் 'இன்குவிஸிடிவ்' போன்ற லத்தீன் வழிச் சொற்களின் ஓசைக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் வந்து அதைப் பொழுதுபோக்காக்கின. பிரிட்டனில் பல்கலைக்கழக அணிகள் மோதும் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' 1962-இலும், கறுப்பு நாற்காலியில் ஒருவரை உட்கார்த்திக் கேட்கும் 'மாஸ்டர்மைண்ட்' 1972-இலும் தொடங்கின.

இரண்டு சொற்களும் ஒன்றாகச் சேர்ந்தது வியாபாரத்தால். வட இங்கிலாந்தில் பப் அணிகளுக்கிடையே வினாவிடை லீக்குகள் முன்பே இருந்தன. ஆனால் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் 1976-இல் தென் இங்கிலாந்தில் தொடங்கிய ஏற்பாடுதான் இதை நாடு முழுவதும் பரப்பியது. கூட்டம் இல்லாத இரவுகளில் பப்புக்கு ஆள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். முதலில் 32 அணிகள். உச்சத்தில் வாரத்துக்குப் பத்தாயிரம் அணிகள். வெள்ளி, சனிக்கு யாரும் அழைக்காமலே கூட்டம் வரும், அதனால்தான் இன்றும் பப் குவிஸ் பெரும்பாலும் செவ்வாய், புதன், ஞாயிறு என்று தூங்கிவழியும் நாட்களில் நடக்கிறது.

அந்த 1976 இங்கிலாந்தின் நினைவில் நிற்பது வேறொரு காரணத்துக்காக. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை தொடர்ந்து 15 நாட்கள் நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அணைகள் வறண்டன. ஆகஸ்டு கடைசியில் வறட்சிக்கென்றே டெனிஸ் ஹோவெல் என்பவரை அமைச்சராக்கினார்கள். பதவியேற்ற சில நாட்களில் மழை கொட்டியது. எந்த அமைச்சருக்கும் இப்படி ஒரு யோகம் வாய்த்ததில்லை.

32 டிகிரியா என்று தமிழ் வாசகர்கள் சிரிக்கலாம். பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் கணக்கில், குறிப்பிட்ட அளவைத் தொடர்ந்து மூன்று நாட்கள் எட்டினாலே வெப்ப அலை. அந்த அளவு வடக்கிலும் மேற்கிலும் 25 டிகிரி, லண்டன் பகுதியில் 28. சென்னையின் மார்கழிப் பகல் அது. இந்தியாவில் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வெப்ப அலை என்ற பேச்சே எழும். ஆனால் அங்குள்ள வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. வெப்பத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும், குளிர்சாதனம் அரிது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானபோது யாரும் அதைக் கொண்டாடவில்லை.

25-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வெயில் வேறு விஷயம். அது வந்தால் ஊரே வெளியே வந்துவிடும். இதைத் தமிழில் சொல்ல 'வெயிலை அனுபவிப்பது' என்று திணற வேண்டியதில்லை. 'வெயில் காய்தல்' என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. வெயிலும் காய்கிறது, மனிதரும் வெயில் காய்கிறார்கள். ஒரே வினைதான், முதலாவது நம்முடைய சித்திரையைச் சொல்லும், இரண்டாவது ஆங்கிலேயரின் ஜூனைச் சொல்லும். 'சம்மர்' என்பதற்குக் 'கோடை' என்று எழுதுகிறோம். அது மேற்கிலிருந்து அடிக்கும் வெங்காற்றின் பெயரும்கூட. லண்டனின் ஜூன் மாலைக்கு 'இளவேனில்' மனத்தளவில் நெருக்கம், ஆனால் வசந்தத்தோடு குழம்பும். ஆகவே 'கோடை' இருக்கட்டும், அதன் உக்கிரத்தை மட்டும் வாசகர் குறைத்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒன்று: 'இந்தியன் சம்மர்' என்ற தொடரைப் பார்த்து இந்தியக் கோடை என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அது அமெரிக்காவில் பிறந்த சொல், இலையுதிர்காலத்தில் திடீரென்று வரும் இதமான நாட்களைக் குறிப்பது.

இத்தகைய நாட்களில் பப் குவிஸ் 'பியர் கார்டன்' எனப்படும் பின்பக்கத்துக்கு இடம்பெயரும். தோட்டம் என்று பெயர், பல இடங்களில் அது நாலு பலகை மேசை போட்ட கொல்லைப்புறம்தான். ஜூனில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பது இருபது ஆகும். ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க நல்ல வெளிச்சத்தில் நடக்கும். படத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் படச் சுற்றுக்கான தாள்கள் காற்றில் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குவளைகளை மேலே வைப்பார்கள், நனைந்த வட்டத்துக்குள் ஏதோ ஓர் அரசியல்வாதியின் முகம் கரையும். சுவர் இல்லாததால் கிசுகிசுப்பு அடுத்த மேசைக்கு எளிதில் கேட்கும் என்பதுதான் குறை.

இந்தக் கிசுகிசுப்பை மனத்தில் வைத்துக்கொண்டால், 'வினாடி வினா' ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். மணியை அழுத்தி நொடிக்குள் பதில் சொல்லும் தொலைக்காட்சிப் போட்டிக்கு அது அருமையான சொல். ஓசையும் எதுகையும் கூடி வந்திருக்கின்றன. ஆனால் பப் குவிஸில் அவசரம் கிடையாது. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருவர் பியர் வாங்கப் போவார், ஒருவர் தன் பள்ளி ஆசிரியரைத் திட்டுவார், இருவர் எழுதிய விடையை அடித்துத் தவறானதை எழுதுவார்கள். விநாடி என்பதன் பழைய கணக்கு வேறு இருக்கிறது. நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை 24 நிமிடம் என்பதால் விநாடி 24 நொடி. அந்தக் கணக்கில் வேண்டுமானால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

சரியான சொல் நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கும்: 'அறிவு அறியாமை ஐயுறல் கொளல்கொடை ஏவல்'. முதலாவது அறிவினா. விடை தெரிந்தவர், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் மாணவனைக் கேட்பதாக எடுத்துக்காட்டுச் சொல்லித் தருவார்கள். கையில் விடைத்தாளோடு ஒலிவாங்கி முன் நிற்பவர் கேட்பது இதைத் தவிர வேறில்லை. மற்ற ஐந்தும் அந்தக் கூடத்திலேயே கேட்கும். 'அப்படியானால் சரியான விடை என்ன?' என்று தோற்றவர் அவரிடம் கேட்பது அறியா வினா. 'இங்கிலாந்து உலகக் கால்பந்துக் கோப்பையை வென்றது 1966-லா, 1970-லா?' என்று மேசையில் எழுவது ஐய வினா. 'ஏல் இருக்கிறதா?' என்று கவுண்ட்டரில் கேட்பது கொளல் வினா. 'உன் குவளை காலியா?' என்று நண்பர் கேட்டால் கொடை வினா, அந்த ஊரில் மிகவும் மதிப்புள்ள வினாவும் அதுதான். 'தாளைக் கொடுத்துவிட்டாயா?' என்பது ஏவல் வினா. பவணந்தி முனிவரை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அங்கே உட்காரவைத்தால் நூற்பாவைத் திருத்த வேண்டியிருக்காது.

ஈழத்தமிழில் விடுகதைக்கு 'நொடி' என்று பெயர். 'நொடி இரவு' என்று சொல்லிப் பார்க்க ஆசைதான். ஆனால் விடுகதையில் விடையை உருவகத்துக்குள் ஒளித்துவைப்பார்கள், பப் குவிஸில் நேராகக் கேட்பார்கள். அது வேறு, இது வேறு.

என் பரிந்துரை இது: செய்தியிலும் கட்டுரையிலும் 'பப் வினாவிடை' போதும். பப் என்பது பஸ்ஸைப் போல வந்து தங்கிவிட்ட சொல், அதை விரட்டவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. தனித்தமிழ் விரும்புவோர் 'பொதியில் அறிவினா' என்று எழுதலாம். பொதிகை மலையோடு குழப்பிக்கொள்பவர்கள் இருப்பார்கள் என்பதால் முதல் முறை ஒரு வரி விளக்கம் வேண்டும். 'ரவுண்டு' என்பதற்குச் 'சுற்று' தயங்காமல் வரலாம். கேள்விகளின் தொகுதிக்கும், ஒருவர் மேசையிலுள்ள எல்லோருக்கும் வாங்கித்தரும் பானத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழிலும் அப்படியே. அயர்லாந்தில் இதையே 'டேபிள் குவிஸ்' என்பார்கள், அமெரிக்காவில் 'ட்ரிவியா நைட்'. இரண்டுக்கும் வினாவிடையே போதும். இரண்டு அணிகள் சமமாக நின்றால் கேட்கும் கடைசிக் கேள்வியை 'முடிவு வினா' எனலாம். அதற்கு விடை பெரும்பாலும் ஓர் எண். சரியாகத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள், நெருங்கியவருக்குப் பரிசு.