"இல்லையே?" என்று ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "‘மீடியம்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பார்த்து முடித்தேன். இறந்தவர்களோடு பேசும் பெண்ணின் கதை. அந்தப் பெண் நிஜத்திலும் இருக்கிறாராம். எங்கள் பக்கமும் அப்படி ஒருவர் இருக்கிறார். என் அம்மா அவரிடம் போய் வந்து, தாத்தா பேசினார் என்கிறார். சொன்னதெல்லாம் சரியாகவும் இருக்கிறது. இது எப்படி சார்?"

ஆமாம், நிஜத்திலும் இருக்கிறார். பெயர் ஆலிசன் டுபாய்ஸ், அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்துக்காரர். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தவர். அவரை வைத்து எழுதிய தொடர் 2005 ஜனவரியில் தொடங்கி 2011 ஜனவரி வரை ஏழு சீசன், 130 எபிசோடு ஓடியது. அவராக நடித்த பாட்ரீசியா ஆர்க்வெட்டுக்கு 2005-இல் எம்மி விருது கிடைத்தது. தொடரில் வாராவாரம் ஒரு குற்றவாளி சிக்குவான். நிஜ வழக்குகளில் அவர் தந்த தகவல் பயன்பட்டது என்ற பேச்சைக் காவல்துறை தரப்பில் மறுத்திருக்கிறார்கள்.

அரிசோனா போய் அவரைச் சந்திக்க எனக்கு வசதி இல்லை. காசிமேட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ போதும். மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கச் சந்து ஒன்றில் குறி சொல்லும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஏதோ ஒரு சீரியலில் வரும் சாமியாடி பாத்திரத்தை இவரைப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று அந்தத் தெருவே சத்தியம் செய்யும். எந்த சீரியல் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

என் மாமா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. லாஞ்ச் ஓட்டியவர். கிட்னி பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று இழுத்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தார். அத்தை அமாவாசைக்கு அமாவாசை அந்த அம்மாவிடம் போவார். ஒருமுறை துணைக்குப் போனேன். தட்டில் இருநூறு ரூபாய், ஒரு எலுமிச்சம்பழம். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "சொல்றது மறந்துபோவுதும்மா, போன்ல ரெக்கார்டு பண்ணிக்கட்டுமா?" என்றேன். "பண்ணிக்க நைனா" என்றார். பயந்த மாதிரியே தெரியவில்லை. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"ஒரு ஆம்பள வந்து நிக்கிறாரு கண்ணு. ம... மா... மு... அப்டி வருது."

அத்தை மாமாவின் முழுப்பெயரையும் சொல்லிவிட்டார். (பெயரை இங்கே எழுதக்கூடாது என்பது அவர் உத்தரவு.)

"அவரேதான். நெஞ்ச புடிச்சிக்கினு நிக்கிறாரு."

"கிட்னிதான்மா போச்சி அவருக்கு... ஆனா கடைசியில மூச்சு வுட முடியாம ரொம்ப கஷ்டப்பட்டாரும்மா."

"அதான் கண்ணு, அந்த மூச்சத்தான் காட்டுறாரு."

இதில் தெரிந்த சங்கதிகளை வேகமாகக் கடந்துவிடலாம். ராயபுரம், காசிமேடு பக்கம் ‘ம’ என்று ஆரம்பித்தால் முருகன், மாரி, மணி, மேரி, முகமது எல்லோரும் வந்துவிடுவார்கள். மூன்று மதமும் ஒரே எழுத்தில் அடக்கம். நம் ஒவ்வொருவருக்கும் செத்துப்போன உறவும் சினேகமும் பத்துப் பேராவது இருப்பார்கள். அதில் ஒரு ‘ம’ இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெஞ்சும் அப்படித்தான். எந்த நோயில் போனாலும் கடைசியில் நிற்பது மூச்சும் இதயமும்தானே.

பொதுவாகச் சொன்னதை "எனக்கே சொன்னது" என்று நாம் எடுத்துக்கொள்வதை 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் வகுப்பிலேயே அளந்து பார்த்தார். 39 மாணவர்களுக்கும் ஒரு தேர்வு வைத்தார். பிறகு "இது உன் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைக் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

இதோடு நிறுத்திவிட்டால் அந்த அம்மாவின் திறமைக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். அசந்துபோய் நான் ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டது வேறொரு இடத்தில்.

"கடலுக்கு யாரையும் குடுக்கலியே கண்ணு?"

"இல்லம்மா" என்றார் அத்தை.

"குடுக்க மாட்ட. கடலம்மா உன் வூட்டு ஆளுங்கள தொடல. அது எனக்குத் தெரியுது."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்து உட்கார்ந்தவர் திருவொற்றியூரிலிருந்து வந்தவர். கொஞ்ச நேரத்தில் அவரிடமும் அதே கேள்வி, அதே குரலில்: "கடலுக்கு யாரையும் குடுக்கலியே கண்ணு?" அவர் உடைந்து அழுதுவிட்டார். "தம்பிம்மா..." அந்த அம்மா ஒரு கணமும் தயங்கவில்லை. "அதான் கேட்டேன். ஈரத் துணியோட நிக்கிறானே புள்ள."

இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். பதில்கள் நேர் எதிர். இரண்டுமே பலித்துவிட்டன. கேட்டது கேள்வியாக இருந்திருந்தால் ஒன்றாவது "இல்லை" என்று திரும்பி வந்து இடித்திருக்க வேண்டும். கூற்றாக இருந்திருந்தாலும் ஒருவருக்குப் பொய்த்திருக்கும். இது எந்தப் பக்கமும் சாயாமல், பதில் வரும்வரை காத்திருந்து, வந்த பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதிர்மறையில் கேட்பார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு வாக்கியத்தையே வளைக்க வேண்டும். நமக்குக் கடைசியில் ஒரு ‘ஏ’ போதும்.

பள்ளியில் படித்த ஏகாரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள் சொல்லித்தந்தார்கள். தேற்றம் என்றால் உறுதியாகச் சொல்வது, வினா என்றால் தெரியாமல் கேட்பது. இந்த இரண்டும் ஒரே எழுத்துக்குள் குடியிருக்கின்றன. எந்த நேரத்தில் எது என்பதைக் குரலும் சூழலும் தீர்மானிக்கும். பஸ்ஸில் "இங்க யாரும் வரலையே?" என்று கேட்டபடியே பாதி உட்கார்ந்துவிடுகிறோமே, அதே ‘ஏ’தான். எதிராளி "வராங்க" என்றால் நாம் கேட்டது வினா. தலையை ஆட்டினால் தேற்றம். அந்த அம்மா செய்ததெல்லாம் குரலைச் சரியாக நடுவில் நிறுத்தியதுதான். கேள்விக்குரிய ஏற்றமும் இல்லை, உறுதிக்குரிய இறக்கமும் இல்லை. இதை எனக்குச் செய்து காட்டச் சொன்னால் வராது. நானும் வீட்டில் நாலைந்து முறை முயன்றேன். கேள்வியாகவே விழுகிறது.

நாடி ஜோதிடம் பார்த்தவர்களுக்கு இதன் நீண்ட வடிவம் தெரிந்திருக்கும். "அப்பா பேரு ‘ரா’வுல இல்லையே? கூடப் பிறந்தவங்க மூணு பேரா?" என்று ஓலை ஓலையாகத் தள்ளிக்கொண்டே போவார்கள். தள்ளிய ஓலையெல்லாம் "உங்களுடையது அல்ல". கடைசியில் பொருந்தும் ஓலையில் நாமே சொன்ன விவரங்கள் இருக்கும்.

அப்படியானால் அந்த அம்மா ஏமாற்றுக்காரரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரே ஹைமன் என்ற அமெரிக்க உளவியலாளர் சின்ன வயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். வந்தவர்களெல்லாம் "அப்படியே சொல்லிட்டீங்க" என்றதால் அவருக்கே ரேகையில் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு நண்பர், ரேகை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். அப்போதும் "அப்படியே சொல்லிட்டீங்க" என்றுதான் பதில் வந்தது. அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். எதிராகச் சொல்லிப் பார் என்று யாரும் சொல்லாதவர்கள் கடைசிவரை உண்மையாக நம்பிக்கொண்டே தொழில் செய்யலாம்.

சரி, வீடு திரும்பிய பிறகு நடந்தது இது. அன்று இரவே அத்தை தன் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "போய் உக்காந்ததும் அப்பா பேரைச் சொல்லிட்டாங்கடி. மூச்சு வுட முடியாம இருந்தாரு இல்ல, அதையும் சொன்னாங்க." பொய் சொல்லும் ஆள் இல்லை அத்தை. ஆறு மணி நேரத்தில் அவர் நினைவு, பெயர் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்ற ஒரு விவரத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டது.

இந்த ஓட்டையை முதலில் முறையாகத் திறந்து காட்டியவர்களில் ஒருவருக்கு நம் ஊரோடு சம்பந்தம் உண்டு. அடையாறு பிரம்மஞான சபையில் ‘மகாத்மாக்கள்’ என்று அவர்கள் சொன்ன, கண்ணுக்குத் தெரியாத ஞானிகளின் கடிதங்கள் வானத்திலிருந்து விழுகின்றன என்று 1880-களில் பெரும் பரபரப்பு. அது தந்திரம் என்று காட்டும் கடிதங்களை 1884 செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை வெளியிட்டது. கல்லூரி தாம்பரத்துக்கு 1937-இல்தான் போனது. அப்போது இருந்தது பாரிமுனைப் பக்கம், ஜார்ஜ் டவுனில். ஆக அந்தக் குண்டு வெடித்தது வடசென்னையில். விசாரிக்க லண்டனிலிருந்த ஆவியுலக ஆராய்ச்சிக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. அவர் 1884 டிசம்பரில் மெட்ராஸ் வந்து மாதக்கணக்கில் தங்கினார். எல்லாம் மோசடி என்று 1885-இல் அறிக்கை வந்தது. (அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று 1986-இல் அதே கழகத்தின் இதழிலேயே ஒருவர் எழுதினார். சண்டை இன்னும் முடியவில்லை.)

எனக்குப் பிடித்தது ஹாட்ஜ்சன் ஊருக்குத் திரும்பிய பிறகு செய்தது. டேவி என்ற நண்பரோடு சேர்ந்து போலி ஆவி அமர்வுகள் நடத்தினார். டேவி சிலேட்டில் தந்திரமாக எழுத்து வரவழைப்பார். வந்தவர்கள் பார்த்ததை நினைவிலிருந்து எழுதித்தர வேண்டும். படித்தவர்கள், கவனமானவர்கள். நடக்காததை நடந்ததாகவும், நடந்ததை மறந்தும், வரிசையை மாற்றியும் எழுதித்தந்தார்கள். 1887-இல் இது வெளியானது. டேவி தானே "தந்திரம்தான்" என்று ஒப்புக்கொண்ட பிறகும், இல்லை, அவர் நிஜமான மீடியம்தான் என்று வாதாடியவர் ஒருவர் உண்டு. டார்வினோடு இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அறிவு இதற்குக் காப்பு இல்லை.

அரிசோனாவுக்கு வருவோம். டுபாய்ஸை அரிசோனா பல்கலைக்கழகத்தில் கேரி ஷ்வார்ட்ஸ் என்ற பேராசிரியர் சோதித்தார், நன்றாகப் பொருந்துகிறது என்றார். அவர் மீடியம்களைச் சோதித்த முறையையே எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? கைரேகை பார்த்த அதே ஹைமன். அவர் ஆட்சேபத்தின் சாரம் எளிது. "இது உனக்குச் சொன்னது" என்று தெரிந்தே ஒருவர் மதிப்பெண் போட்டால், நம் அத்தை கிட்னியை மூச்சாக மாற்றிய மாதிரிதான் போடுவார். அதற்குப் பதில் ஐந்து பேருக்குச் சொன்னதைப் பெயரில்லாமல் தாளில் எழுதி, ஐந்து பேரிடமும் ஐந்து தாளையும் கொடுத்து, உன்னுடையது எது என்று கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் எடுத்தாலே ஐந்தில் ஒன்று சரியாக வரும். அதைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

இதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசு. ஆவி இருக்கிறதா என்று ஆராயக் கோடி ரூபாய் ஒதுக்கினால் நான் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவேன். ஆனால் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமையாக எழுதி வைத்துவிட்டு, அதைப் பழக்குவதற்கு ஒரு பீரியடு ஒதுக்காமல் இருப்பதும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஃபோரரின் தாளைத் தமிழாக்கி ஒவ்வொரு பிளஸ் ஒன் வகுப்பிலும் செய்து பார்த்தால் நாற்பது நிமிஷம்தான் ஆகும். அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் பந்தயம் கட்டியதை நான் மதிக்கிறேன். ஆனால் பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை என்று சொன்னால் அத்தைக்கு என்ன புரியப்போகிறது? அவருக்குப் பேசியது அவர் வீட்டுக்காரர்.

ஹாட்ஜ்சன் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அவர் அமெரிக்கா போய், பாஸ்டனில் லியோனோரா பைப்பர் என்ற மீடியத்தை வருஷக்கணக்கில் சோதித்தார். துப்பறிவாளர் வைத்துக் கண்காணித்தும் பார்த்தார். 1892-இல் அவருடைய நண்பர் ஜார்ஜ் பெல்யூ விழுந்து இறந்துபோனார். சில வாரங்களில் பைப்பர் வழியாக பெல்யூ பேசத் தொடங்கினார். அடையாற்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர், நினைவு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், கடைசியில் ஆவிகள் பேசுகின்றன என்று நம்பிவிட்டார். 1905-இல் அவர் இறந்தார். அப்புறம் பைப்பர் வழியாக அவரும் பேசினார் என்றார்கள்.

போன மாதம் அத்தைக்கு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். பெயர் வரும் இடத்தை இரண்டு முறை கேட்டார். "நான்தான் சொன்னேனா?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. கொடியில் காய்ந்த துணியை மடித்து முடித்துவிட்டு, "சரி, இந்த அமாவாசைக்குப் போய் வாயே தொறக்க மாட்டேன். இன்னா சொல்றாங்கன்னு பாக்கறேன்" என்றார். எந்த உளவியல் வகுப்பிலும் படிக்காமல் ஒரு சோதனையை வடிவமைத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போய் வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நான் கம்முனு உக்காந்துட்டேன்டா. ரொம்ப நேரம் பாத்தாங்க. இன்னிக்கி அவரு பேச மாட்டேங்கறாரு கண்ணுன்னுட்டாங்க."

"பாத்தீங்களா அத்தை!"

"இன்னாத்த பாக்கறது? உசுரோட இருக்கசொல்லவும் அவரு அப்படித்தான். கோவம் வந்தா ரெண்டு நாளிக்கி வாயத் தொறக்க மாட்டாரு. அந்தம்மாவுக்கு அது எப்படிடா தெரிஞ்சிச்சி?"