போனைக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்: வாகனச் சோதனையில் உங்கள் உரிமை எது வரை?

எங்கள் தெருவில் உணவு டெலிவரி வேலை பார்க்கும் தம்பி ஒருவன். போன வருடம் ஒருநாள் இரவு நண்பனை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது, பின்னால் இருந்தவன் ஹெல்மெட் போடவில்லை என்று நிறுத்தினார்கள். லைசென்ஸ் கேட்டதும் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து போனை அப்படியே நீட்டிவிட்டான். வாங்கியவர் லைசென்ஸைப் பார்த்தார், அப்புறம் போட்டோக்களைப் பார்த்தார், அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்தார். அவன் ஒரு பெண்ணுக்கு அனுப்பியிருந்த குரல் செய்தியை ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தார்கள். கடைசியில் ஆயிரம் ரூபாய் அபராதம். தப்பு செய்தான், அபராதம் சரிதான். மீதி எதற்கும் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் சுருக்கமாக இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றையும் கேட்கலாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 139. இவற்றை போனிலேயே காட்டலாம் என்று 2018 நவம்பரில் அந்த விதியைத் திருத்தினார்கள். 2020 அக்டோபர் 1 முதல் இன்னும் ஒரு படி மேலே: மின்னணு முறையில் விவரம் சரிபார்க்கப்பட்டுவிட்டால் காகிதத்தைக் கேட்கவே கூடாது. ஆவணத்தைப் பறிமுதல் செய்ய வேண்டிய குற்றமாக இருந்தாலும் அப்படித்தான். "ஒரிஜினல் எடுத்துட்டு வா, அப்புறம் பேசு" என்பவருக்கு இந்த விதி தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்கிறார்.

ஆனால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. லைசென்ஸைப் படமெடுத்து கேலரியில் வைத்திருப்பது செல்லாது. டிஜிலாக்கரிலேயே இரண்டு பகுதி உண்டு. அரசுத் துறையிலிருந்து நேராக வந்து சேரும் ஆவணம் ஒரிஜினலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் படம். பலர் ஏற்றிவைத்ததைக் காட்டிவிட்டுச் சண்டை போடுகிறார்கள், தோற்கிறார்கள்.

அப்படித் துறையிலிருந்து நேராக ஆவணத்தை டிஜிலாக்கருக்குள் இழுக்கப் போனால் அடுத்த தடை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், லைசென்ஸில் முன்னால், அல்லது அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று செயலி திரும்பத் திரும்பச் சொல்லும். பழைய புத்தக லைசென்ஸ் என்றால் அது கணினியிலேயே ஏறியிருக்காது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றித் தரச் சொன்னால் ஆதாரைத் திருத்து என்பார்கள், ஆதார் மையத்தில் லைசென்ஸைத் திருத்து என்பார்கள். தமிழ்நாட்டுப் பெயர் முறை இன்றைக்கு நேற்று வந்ததா? இத்தனை வருடமாகியும் அதைப் புரிந்துகொள்ளும் ஒரு கணினியைச் செய்ய முடியவில்லை. இது சரியாகும் வரை அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பதே நல்லது. வண்டி அப்பா பெயரில் இருந்தால் ஆர்.சி. உங்கள் டிஜிலாக்கருக்கு வராது, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது போன் விஷயம். அதிகாரி கையில் இருக்கும் இ-சலான் கருவியில் வண்டி எண்ணையும் லைசென்ஸ் எண்ணையும் தட்டினாலே விவரம் வந்துவிடும், உங்கள் போன் அவருக்குத் தேவையே இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "சார், நானே பிடிச்சுக்கறேன், பாத்துக்கோங்க" என்றால் போதும். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்று ஒரு வசதி உண்டு, போட்டுவிட்டால் அந்த ஒரு செயலியை விட்டு வெளியே போக முடியாது. வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள், நடுரோட்டில் தேடாதீர்கள்.

போனைத் திறந்து துழாவுவது சோதனை. புலன் விசாரணை ஒன்று நடக்க வேண்டும், காரணத்தை எழுதிவைக்க வேண்டும், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவே சொல்கிறது. ஹெல்மெட் போடாததில் என்ன புலன் விசாரணை? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்காக ரோட்டில் நின்று தீர்ப்பை ஒப்பிக்க வேண்டாம். லைசென்ஸைக் காட்ட மறுத்தாலோ விவரம் தராவிட்டாலோ மோட்டார் வாகனச் சட்டம் 179-ஆவது பிரிவில் 2,000 ரூபாய் வரை அபராதம் போட முடியும். காட்ட வேண்டியதை உடனே காட்டிவிட்டு, மற்றதற்கு மட்டும் அமைதியாக "வேண்டாம் சார்" சொல்லுங்கள். சாவியைப் பிடுங்கவும் சட்டத்தில் அதிகாரம் கிடையாது. ஆனால் நிற்காமல் ஓட்டாதீர்கள். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட்டுக்காக நடந்த துரத்தலில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் விழுந்து இறந்தே போனார்.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். "நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கோ" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போனால், எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், ரைட்டருக்குத் தெரியாது, லைசென்ஸ் யாரிடம் இருக்கிறதென்று யாருக்குமே தெரியாது. ரசீதிலும் ஒரு வலை இருக்கிறது. 206-ஆவது பிரிவில் சாதாரணமாகத் தரும் ரசீதை வைத்து, அதில் போட்டிருக்கும் தேதிவரை வண்டி ஓட்டலாம். ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் போனது, அதிவேகம் போன்றவற்றுக்கு 2019 திருத்தப்படி லைசென்ஸை எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அந்த ரசீது ஓட்ட அனுமதி ஆகாது. எந்தப் பிரிவு என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். இது தெரியாமல் மறுநாள் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமாகிவிடும், அதற்கு 5,000. ஹெல்மெட்டுக்கு மூன்று மாதம் லைசென்ஸ் போகலாம். போகும் முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு, அந்தக் கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள்.

அபராதம் என்றால் சலான் கேளுங்கள். சலான் இல்லாத பணம் அரசுக்குப் போவதில்லை. சலான் செய்தி வரவேயில்லை என்றால் ஆர்.சி.யில் இருக்கும் போன் எண் யாருடையது என்று பாருங்கள், பாதி வண்டிகளில் ஷோரூம் புரோக்கரின் எண்தான் இருக்கும். விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு யாரோ செய்த தப்புக்கெல்லாம் நோட்டீஸ் வரும். அதேபோல, வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள், அது வங்கிக் கணக்கைச் சுரண்டும் ஆட்களின் வேலை. மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

அத்துமீறல் நடந்தால் அன்றிரவே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர், ரோந்து வண்டி எண். புகாரை ஊரில் எஸ்.பி.க்கும் நகரத்தில் கமிஷனருக்கும் டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஸ்டேஷனில் நேரில் கொடுத்தால் ரசீது வாங்குவதே ஒரு போராட்டம். 1100 முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்தத் தம்பி என்னிடம் வந்து சொன்னபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. பெயரைப் பார்க்கவில்லை, நேரம் சரியாக நினைவில்லை. எதிரே இருந்த டீக்கடைக் கேமராவில் பதினைந்து நாளைக்கு மேல் பதிவு நிற்காதாம்.