மாறா வட்டியை நிரந்தர வட்டி ஆக்காதீர்கள்

போன வாரம் அத்தை தன் வீட்டுக்கடன் தாள்களை என் முன்னால் விரித்து வைத்தார். "நிரந்தர வட்டின்னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் தவணை ஏறுது?" என்று கேட்டார். தமிழ்க் கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் "முதல் 5 ஆண்டுகளுக்கு" என்று ஒரு வரி. ஐந்து ஆண்டுக்கு மட்டும் நிரந்தரம் என்று தமிழில் ஒன்று உண்டா? ஆங்கிலத்தின் 'ஃபிக்ஸட்' வட்டிக்கு இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பொருள் எளிது. பேசிய வட்டி, ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை அசையாமல் இருந்தால் அது ஃபிக்ஸட். மத்திய வங்கி அவ்வப்போது அறிவிக்கும் கொள்கை வட்டியையோ வேறோர் அடிப்படை வட்டியையோ தொடர்ந்து ஏறி இறங்கினால் வேரியபிள், அதையே ஃப்ளோட்டிங் என்றும் சொல்கிறார்கள். வட்டி என்ற சொல்லை வடமொழி 'விருத்தி'யோடு இணைப்பவர்கள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பொலிசை, பலிசை என்று வரும், பொலிதல் என்றால் பெருகுதல். மலையாளத்தில் இன்றும் வட்டிக்குப் பலிச என்றுதான் பெயர். ஆனால் வட்டி எல்லார் வாயிலும் புழங்கும் சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அதன் முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான்.

'நிரந்தர' என்பது பிழை, அவ்வளவுதான். அமெரிக்காவில் 30 ஆண்டுக் கடன் முழுவதற்கும் ஒரே வட்டி கிடைக்கும், அங்கேயாவது அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். பிரிட்டனில் பெரும்பாலும் 2 அல்லது 5 ஆண்டுதான், கனடாவில் 5 ஆண்டு வழக்கம். காலம் முடிந்ததும் அன்றைய வட்டிக்குத் திரும்பப் பேச வேண்டும். பிரிட்டனின் மத்திய வங்கி வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 விழுக்காடு, 2023 ஆகஸ்டில் 5.25. இடையில் அந்த 2 அல்லது 5 ஆண்டு முடிந்தவர்களிடம் போய் நிரந்தரம் என்று சொல்லிப் பாருங்கள்.

'நிலையான வட்டி' அதைவிடத் தேவலை, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. நிலையான வேலை, நிலையான வருமானம் என்று நல்லதற்கே சொல்லிப் பழகிய சொல் அது. கணக்குப் போடும் முன்பே மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். உண்மையில் வட்டி ஏறும் என்று சந்தை எதிர்பார்த்தால் அந்த எதிர்பார்ப்பையும் சேர்த்துத்தான் கடன் கொடுப்பவர் விலை வைப்பார். இடையில் அடைத்தால் பல இடங்களில் அபராதமும் உண்டு. வட்டி இறங்கினால் உங்களுக்குப் பயன் இல்லை.

இன்னொரு பக்கம் 'மிதக்கும் வட்டி'. ஆங்கிலத்தில் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் படகு மனதில் வருகிறது. தமிழில் மிதப்பது என்றால் முங்காமல் மேலே இருப்பது, இலேசாக இருப்பது. கடன் வாங்கியவர் நிலைமை அப்படியா? ஒரு லட்சம் கடன், 20 ஆண்டு, 6 விழுக்காடு என்றால் மாதத் தவணை சுமார் 716. அதுவே 8 விழுக்காடானால் 836. சரி, தவணையை ஏற்றாமல் 716ஆகவே விட்டுவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய புதிதில் வட்டி 8.6 விழுக்காட்டைத் தொட்டால் அந்த 716 முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும், அசலில் ஒரு காசு குறையாது. இதற்கு மிதத்தல் என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

மாறா வட்டி, மாறும் வட்டி. இதுதான் என் தேர்வு. 'மாறாத' என்பதன் ஈறு கெட்டு 'மாறா', வாடா மலர், வற்றா ஊற்று போல. இரண்டும் காதில் ஒன்றுபோல விழுமே என்பார்கள். விழட்டும், எழுத்தில் குழப்பம் வராது. இதன் பெரிய பலம், முன்னால் காலத்தை இயல்பாக வாங்கிக்கொள்ளும்: '5 ஆண்டு மாறா வட்டி'. அதே இடத்தில் 'நிரந்தர' என்று போட்டால் சொற்றொடர் தானே முறிந்துவிடும்.

இதோடு 'வட்டி விகிதம்' என்பதையும் விட்டுவிடலாம். விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது, நூற்றுக்கு இவ்வளவு என்பதற்கு வீதம் என்ற சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் வட்டி வீதம் என்றே எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டாமல், ஒப்பந்தத்தை ஒருமுறை கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு எழுதினால் போதும்.

அத்தையின் கையேட்டில் 'நிரந்தர'வை அடித்து, '5 ஆண்டு மாறா வட்டி, பிறகு மாறும்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு உடனே கேட்டார்: "அப்போ மாறுறதுக்கு முன்னாடியே நான் போய் பேசியிருக்கணுமோ?"