குளிர் மலையில் சால்வென்ட் குழாய்: ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றாதீர்கள்

"ஊட்டிக் குளிருக்கு எது சார் தீப்பிடிக்கப் போகுது?" குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பூவிலும் மூலிகையிலும் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால் இதை அடிக்கடி கேட்கிறேன். சாறு இறக்கப் பயன்படும் சால்வென்ட்டான (கரைப்பான்) ஹெக்ஸேனின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் ஆவி பற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை, சுமார் மைனஸ் 22 டிகிரி. உறைபனி விழும் ஜனவரி விடியலிலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அந்தத் தீ குழாய் வழியே பரவாமல் தடுக்கும் கருவிதான் ஃபிளேம் அரெஸ்டர்.

சொல்லப்போனால், மூடிய டேங்குக்குள் குளிரில்தான் ஆபத்து கூடுகிறது. காற்றில் ஹெக்ஸேன் ஆவி 1.1 முதல் 7.5 சதவீதம் வரை இருந்தால் எரியும். சமவெளி வெயிலில் டேங்குக்குள் ஆவி அதைவிட மிக அதிகமாகச் சேர்ந்துவிடுவதால், எரியக் காற்று போதாது. மலையில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போது ஆவி குறைந்து, எரியும் வரம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்த நேரம் திரவத்தை வெளியே எடுக்க பம்ப் ஓடினால், வென்ட் (டேங்கின் காற்றுப் போக்குக் குழாய்) வழியாக நுழையும் காற்று ஆவியை அந்த வரம்புக்குள் இறக்கிவிடும்.

குழாய்க்குள் தீ மெதுவாகத்தான் கிளம்பும். நீளமும் வளைவும் கூடக்கூட வேகம் பிடித்து, வினாடிக்கு 1,500 மீட்டரைத் தாண்டும் அதிர்வெடிப்பாகவே மாறலாம். பல டேங்குகளுக்குப் பொதுவான வென்ட் லைன் இருந்தால், வெடிப்பு ஒன்றோடு நிற்காது.

அதை வழிமறிப்பது ஃபிளேம் அரெஸ்டர். 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டதும் இதே தத்துவத்தில்தான். மில்லிமீட்டருக்கும் குறைவான சந்துகளில் நுழையும் தீயின் சூட்டை உலோகம் உறிஞ்சிக்கொள்ள, தீ அணைகிறது.

ஆனால் இடம் சரியாக இருக்க வேண்டும். லைனுக்குள் வைக்கும் சாதாரண வகை, தீப்பிடிக்கக்கூடிய முனையிலிருந்து குழாய் விட்டத்தின் 50 மடங்கு தூரத்துக்குள் இருப்பதே பொதுவான எல்லை. 2 அங்குலக் குழாய்க்குச் சுமார் இரண்டரை மீட்டர். அதற்கு மேல் போனால் அதிர்வெடிப்பைத் தாங்கும் வகைதான் வேண்டும். குழாய் முனைக்கென்று செய்ததை நடுவில் மாட்டுவது வீண்.

நான் பார்த்ததில் மிகவும் கவலைப்படுத்தியது வேறொன்று. "மழைக்காலத்துல அடைச்சுக்குது சார், அதான் கழட்டி வெச்சுட்டோம்" என்றார் ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் சொன்ன காரணம் உண்மைதான். மூடுபனி ஈரம், பாசி, சிலந்திக்கூடு எல்லாம் சேர்ந்து அரெஸ்டருக்குள் இருக்கும் சந்துகள் கொண்ட உலோகப் பகுதியான எலிமென்ட் அடைபட்டால், திரவத்தை வெளியே எடுக்கும்போது டேங்க் உள்ளிழுத்து நசுங்கும். அதற்காக எலிமென்ட் இல்லாத வெறும் உறையை மாட்டி வைப்பதா? பருவமழைக்கு முன்னும் பின்னும் திறந்து பாருங்கள். டேங்குக்கு ஒரு உதிரி எலிமென்ட் ஸ்டோரில் இருக்கட்டும். ஒன்றைக் கழுவப் போடும்போதே இன்னொன்றை மாட்டிவிடலாம்.