மாரியில வீட்டுக்குள்ள கொடி கட்டினா உடுப்பு ஏன் காயாது?

சோளகம் அடிக்கிற நேரம் யாழ்ப்பாணத்தில உடுப்புக் காயப்போடுறது ஒரு வேலையே இல்லை, கொடியில சாரத்தைப் போட்டுட்டு உள்ள வந்து ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு வேற வேலை பாத்துட்டு வர அது மொறுமொறுவெண்டு நிக்கும். ஐப்பசி கார்த்திகையில கதை வேற. எங்கட வருச மழையில பெரும்பங்கு அந்த ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ளதான் கொட்டித் தீர்க்குது, விறாந்தைக் கொடியில மூண்டாம் நாளும் பிள்ளையின்ர யூனிபோர்ம் கொலர் ஈரமாத்தான் கிடக்கும். போன மாரியில ட்ரையர் ஒண்டு பாப்பமெண்டு கடைக்குப் போனன், விலையைக் கேட்டுட்டு பேசாம வீட்ட வந்து பேப்பரும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டன்.

முதல்ல அறைக்குள்ள இருக்கிற காத்து. நீளம் அகலம் உயரம் எல்லாம் பத்தடி எண்டு வையுங்கோ, அதுக்குள்ள 28 கனமீற்றர் காத்து இருக்கு. 26 பாகை செல்சியஸில ஒரு கனமீற்றர் காத்து கிட்டத்தட்ட 24 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழைநாளில ஈரப்பதன் 85 சதவீதமெண்டா அந்த 24இல 20க்கு மேல ஏற்கெனவே நிரம்பிப்போச்சு, மிச்சம் இருக்கிற இடம் முழு அறைக்கும் சேத்து 100 கிராம், அரைக் கிளாஸ் தண்ணி, அவ்வளவுதான். கையால புழிஞ்ச ஒரு வாளி உடுப்பில ரெண்டரை லீற்றர் எண்டாலும் இருக்கும். அப்ப அந்த அறையின்ர காத்து ஆகக்குறைஞ்சது 25 தரம் முழுசா மாறினாத்தான் உடுப்புக் காயும், உண்மையில அதைவிடக் கூடவும் மாறோணும், ஏனெண்டா வெளிய போற காத்து எல்லாம் முழுசா நிரம்பிக்கொண்டு போறதில்லை.

இது விளங்காமத்தான் நான் அதுக்கு முதல் வருசம் மழைச்சாரல் அடிக்குதெண்டு யன்னல் எல்லாத்தையும் பூட்டிட்டு ஃபானை ஃபுல்லா சுத்தவிட்டு விடியவிடிய வைச்சிருந்தனான். விடிய எழும்பிப் பாத்தா யன்னல் கண்ணாடியில தண்ணி வடியுது, களிசான் பொக்கற் சொதசொதவெண்டு அப்பிடியே இருக்கு, ரெண்டு கிழமையில அலுமாரிக்குப் பின்சுவரில பூஞ்சணம். ஈரம் எங்கயும் போகேல்லை, உடுப்பில இருந்து சுவருக்கு இடம் மாறினதுதான் மிச்சம்.

ஃபான் காத்தைக் காயவைக்கிற சாமானில்லை. ஈர உடுப்பைச் சுத்தி ஒட்டினமாதிரி ஒரு மெல்லிய காத்துப் படை அசையாம நிக்கும், அது கெதியா நீராவியால நிரம்பிடும், நிரம்பினா உடுப்பில இருந்து மேற்கொண்டு கிளம்பிற தண்ணிக்கு வழி கஷ்டம். ஃபான் அந்தப் படையைத்தான் கலைக்குது. கலைச்ச ஈரக்காத்து வெளிய போக ஒரு வழி, புதுக்காத்து உள்ள வர இன்னொரு வழி வேணும், ஆனபடியா சாரல் அடிக்காத பக்கத்து யன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து விடோணும். வெளிக்காத்தும் ஈரம்தானே எண்டு கேக்கலாம், ஈரம்தான், ஆனா அதில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு.

இனி கரண்ட். ஒரு லீற்றர் தண்ணியை ஆவியாக்க கிட்டத்தட்ட 0.68 யூனிட் சக்தி வேணும், இது இயற்கையின்ர விலை, பேரம் பேச ஏலாது. ரெண்டரை லீற்றருக்கு 1.7 யூனிட். ஆனா 60 வாட் ஃபான் பத்து மணித்தியாலம் சுத்தினா செலவு 0.6 யூனிட்தான். மிச்சச் சக்தி எங்க இருந்து வந்தது? சுத்தியிருக்கிற காத்தில இருந்துதான், சும்மா. ஈர உடுப்பைத் தொட்டா சில்லெண்டு இருக்கிறதும், மண்பானைத் தண்ணி குளிருறதும் இதாலதான், ஆவியாகிற தண்ணி பக்கத்தில இருக்கிற சூட்டைப் பிடுங்கிக்கொண்டுதான் போகும். சூடாக்கிற ட்ரையர் அந்தச் சூட்டை முழுக்கக் கரண்டால வாங்குது, கசிவும் சேர ஒரு தரத்துக்கு மூண்டு யூனிட் சுலபமாப் போகும், யூனிட் கூடக்கூடப் படியேறுற எங்கட பில்லுக்கு அது சரிவராது.

ஆனா எல்லாத்தையும் விட மலிவான வேலை ஆவியாக்கிறதே இல்லை, தண்ணியைத் தண்ணியாவே வெளிய எடுக்கிறது. ரெண்டு தொட்டி வோஷிங் மெஷினில புழியிற பக்கம் நிமிசத்துக்கு 1300 சுத்துக் கிட்டச் சுத்தும், அந்தச் சின்ன டிரம் ஓரத்தில தண்ணி புவியீர்ப்பைப்போல 200 மடங்குக்கு மேலான விசையில வெளிய தள்ளுப்படுது. நூலுக்கும் நூலுக்கும் இடையில நிக்கிற தண்ணி ஓடிடும், பருத்தி நாருக்குள்ளயே ஊறினது மட்டும் நிக்கும். கையால புழிஞ்ச துவாய் தன்ர பாரத்தளவு தண்ணியை வைச்சிருக்கும், மெஷினில புழிஞ்சா அது அரைவாசிக்குக் கிட்ட இறங்கும். அதுக்கு அஞ்சு நிமிசம், கரண்ட் 0.02 யூனிட்கூட வராது. மெஷின் இல்லாத ஆக்கள் காஞ்ச துவாய்க்குள்ள உடுப்பைச் சுருட்டி முறுக்கினாலும் நல்லாவே இழுக்கும், சின்ன உடுப்புக்கு நான் இப்பவும் அதுதான் செய்யிறன்.

ஈரம் உறிஞ்சுற மெஷின், அதுதான் டிஹியூமிடிஃபையர், வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும் விதி தலைகீழ். அது குளிர்ந்த குழாயில நீராவியைத் தண்ணியாக்கி வாளியில பிடிக்குது, வெளிவாற சூட்டை அறைக்கே திருப்பிக் குடுக்குது, அதனால யன்னலைப் பூட்டோணும். வேலை வடிவாச் செய்யும், ஆனா வாங்கிற காசுக்கு எத்தினையோ ஃபான் வாங்கலாம்.

மாரியில காயாத உடுப்பில வாற அந்தப் புளிச்ச மணத்துக்கு மழையைக் குறை சொல்லுறம், ஆனா ஆள் வேற. மொரக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் எண்டொரு பக்ரீரியா, 2012இல ஜப்பான் ஆராய்ச்சியாளர் பிடிச்சுக் காட்டினவை, ஈரம் கன நேரம் நிண்டா துணியில மிஞ்சின வேர்வை எண்ணெயில வளர்ந்து ஒரு அமிலத்தை விடும், அதுதான் மூக்கில அடிக்கிறது. காஞ்சாப்பிறகும் அது முழுசாச் சாகாது, அதாலதான் திருப்பி வேர்த்த உடனே பழைய மணம் வரும். சென்ட் அடிச்சு வேலையில்லை. நூல் துணியெண்டா கை வைக்க ஏலாத சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவைச்சுத் தோய்க்கோணும், பிறகு கொடியில ஒண்டுக்கொண்டு நாலு விரல் இடைவெளி விட்டு, களிசான் பொக்கற்றை வெளிய இழுத்துவிட்டுப் போடோணும்.